நண்பர்களுக்குள் கணினி உதவியும் உதிரிபாகப் பரிமாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றாகப் படித்து, இன்று வெவ்வேறு ஊர்களில் வாழும் நண்பர்கள் கைப்பேசி வழியாகவே ஒருவருக்கொருவர் கணினிச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்வதும், வீட்டில் சும்மா கிடக்கும் ரேம், ஹார்டு டிஸ்க், சார்ஜர் போன்றவற்றைக் கூரியரில் அனுப்பிக்கொள்வதும் இப்போது இயல்பாகிவிட்டன. அப்படிப்பட்ட ஒரு நட்பு வட்டத்தில் திரும்பத் திரும்ப எழுந்த ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கொடுப்பவரும் பெறுபவரும் பொருளின் நிலையை ஒளிவின்றிச் சொல்லிக்கொண்டால் பெரும்பாலான மனத்தாங்கல்கள் எழுவதே இல்லை. ஆகவே எதைச் சொல்ல வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கே விடைகளில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

"சிஸ்டம் ஆன் ஆகவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் ஏன் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை?

அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. விளக்கே எரியவில்லை, மின்விசிறியும் சுழலவில்லை என்றால் சார்ஜர், எஸ்எம்பிஎஸ் (மேசைக்கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஆகியவற்றிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் ரேம் அல்லது திரை இணைப்பின் மீது ஐயம் கொள்ளலாம். நிறுவனச் சின்னம் வந்து அதோடு நின்றுவிட்டால் ஹார்டு டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் வரை வந்து நீலத்திரையோடு நிற்கிறது என்றால் அதன் கீழே உள்ள பிழைக்குறியீடுதான் முதல் துப்பு.

எனவே கேட்கும்போது கணினியின் முழு மாடல் பெயர், கண்ணுக்குத் தெரிவது என்ன, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். பிழைச்செய்தியை நினைவிலிருந்து எழுதுவதைவிட, திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது மேல். கடைசி மாற்றத்தைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. "நேற்று தூசி தட்டுவதற்காகத் திறந்தேன்" என்ற ஒரு வரி, உதவுபவருக்கு ஒரு மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும். ரேம் இலேசாக நகர்ந்திருப்பதே காரணமாக இருந்து, அதைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தினால் சரியாகிவிடுவது மிகவும் சாதாரணம்.

ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பழையதாக மாறிவிடுகிறது. வைரஸா?

இல்லை. மதர்போர்டில், அதாவது பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகையில், உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று உலாவி எச்சரிப்பதும் இதனால்தான். கைக்கடிகாரக் கடையிலேயே இந்த பேட்டரி கிடைக்கும். இதற்கு நண்பரிடம் உதிரிபாகம் கேட்க வேண்டியதில்லை.

நண்பரிடம் 8 ஜிபி ரேம் சும்மா இருக்கிறதாம். வாங்கிப் போட்டுவிடலாமா?

அளவு மட்டும் தெரிந்தால் போதாது. தலைமுறையும் வடிவமும் பொருந்த வேண்டும். டிடிஆர்3 2007-இலும், டிடிஆர்4 2014-இலும் சந்தைக்கு வந்தன. டிடிஆர்5 உள்ள வீட்டுக் கணினிகள் 2021-இன் இறுதியில் வரத் தொடங்கின. ஒரு தலைமுறைக்குரிய இடத்தில் மற்றொன்று பொருந்தாது. கீழ் விளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதால், பொருந்தவில்லை என்றால் அழுத்தாமல் நிறுத்திவிட வேண்டும். மேசைக்கணினி ரேம் நீளமானது, மடிக்கணினி ரேம் அதில் ஏறத்தாழப் பாதி நீளம். இரண்டையும் மாற்றிப் போட முடியாது. உங்கள் கணினியில் எந்த வகை இருக்கிறது என்பதை சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டும். எத்தனை இடங்கள் நிரம்பியிருக்கின்றன என்பதை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில், பெர்ஃபாமன்ஸ் பகுதியின் கீழ் மெமரி என்ற இடத்தில் பார்க்கலாம்.

டிடிஆர்3-க்குள் இன்னொரு வேறுபாடு உண்டு, பலரும் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் இயங்குபவை. குறைந்த மின்னழுத்தத்தை மட்டுமே தரும் மடிக்கணினியில் சாதாரண டிடிஆர்3 அழகாகப் பொருந்தும், ஆனால் கணினி கிளம்பாது. கொடுக்கும் நண்பரிடம் ரேமின் மீது ஒட்டியுள்ள தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; அதில் பிசி3 என்றிருக்கிறதா, பிசி3எல் என்றிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வேகம் வேறுபட்டால் கவலை இல்லை, இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும். 32 பிட் விண்டோஸ் உள்ள பழைய கணினியில் 4 ஜிபிக்கு மேல் போட்டால் பயன்படாது. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், கூடுதலாகச் செருக இடம் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ரேம் கேட்டேன், எல்லாரும் எஸ்எஸ்டி போடச் சொல்கிறார்கள். ஏன்?

கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் ரேம் பற்றாக்குறையா, ஹார்டு டிஸ்க்கா என்பதை டாஸ்க் மேனேஜரே சொல்லிவிடும். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் நிமிடக்கணக்கில் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால், ரேமை இரட்டிப்பாக்கினாலும் பெரிய மாற்றம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஊசிமுனை நகர்ந்து நகர்ந்து படிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்பது சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க், அதில் அந்த அசைவே இல்லை. பத்தாண்டு பழைய மடிக்கணினியில் 4 ஜிபி ரேமை 8 ஆக்கி, ஒரு சாதாரண 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் வழக்கமான முறை) எஸ்எஸ்டியும் போட்டால், எழுத்து வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். நண்பர்களுக்குள் கைமாறும் பொருள்களில் இதற்கு நிகரான பயன் தருவது வேறொன்றும் இல்லை.

பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம். டிவிடி டிரைவ் உள்ள மடிக்கணினியாக இருந்தால், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற தாங்கு சட்டம் ஒன்றை வைத்துப் பழைய டிஸ்க்கை உள்ளே பொருத்தலாம். கேடி 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என இரண்டு தடிமனில் வருவதால், டிவிடி டிரைவை அளந்துவிட்டே வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும்.

சின்னதாக, நீளமாக ஒரு எம்.2 எஸ்எஸ்டி கிடைத்தது. பொருந்துகிறது, ஆனால் கணினி காட்டவில்லை. கெட்டுப்போனதா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா முறையில் பேசுவதும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ முறையில் பேசுவதும் உண்டு. பெரும்பாலான சாட்டா வகையில் இணைப்பு விளிம்பில் இரண்டு வெட்டுகளும், பெரும்பாலான என்விஎம்இ வகையில் ஒரு வெட்டும் இருக்கும். சில மடிக்கணினிகளின் எம்.2 இடம் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து, எதை ஏற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கொடுத்தவரிடம் பேசுங்கள். பொருள் கெட்டது என்று முதலில் சொல்லிவிட்டால், பிறகு சொல்லைத் திரும்பப் பெறுவது சங்கடமாக இருக்கும்.

சார்ஜர் முனை பொருந்துகிறது. வேறு கம்பெனி சார்ஜரைப் போடலாமா?

முனை பொருந்துவதை மட்டும் நம்பக் கூடாது. சார்ஜரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு உங்கள் பழைய சார்ஜரின் அளவோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. எடுத்துக்காட்டாக, 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பது 65 வாட் சார்ஜர். அதே 19.5 வோல்ட்டில் 4.62 ஆம்பியர் தரும் 90 வாட் சார்ஜரை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாம், ஏனெனில் கணினி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். 90 வாட் கேட்கும் கணினியில் 65 வாட் போட்டால் சார்ஜர் சூடேறும், பேட்டரி ஏறாமலும் போகலாம். முனையின் உள்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்பதைக் காட்டும் சிறு வட்டக்குறியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டெல் மடிக்கணினிகள் பலவற்றில் முனையின் நடுவே உள்ள மெல்லிய ஊசி சார்ஜரை அடையாளம் காட்டும். அடையாளம் தெரியாவிட்டால் கணினி ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. அதைப் பேட்டரிக் கோளாறு என்று எண்ணிப் புதிய பேட்டரி வாங்கியவர்கள் உண்டு.

நண்பர் கொடுக்கும் பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அனுப்புவதற்கு முன்பே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, அதன் திரையைப் படமெடுத்துப் பகிர்வது நல்ல வழக்கம். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு வேறு இடத்துக்கு மாற்றிய பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருப்பது நல்ல அறிகுறி. சி5 ஏறிக்கொண்டே போகிறது என்றால் அந்த டிஸ்க்கில் எதையும் நம்பி வைக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. எஸ்எஸ்டியாக இருந்தால் அதே மென்பொருள் ஆயுளைச் சதவீதமாகக் காட்டும்.

மூன்றும் பூஜ்யமாக இருந்த டிஸ்க்கும் திடீரென்று நின்றுபோவது உண்டு. கைமாறிய டிஸ்க்கை ஒரே பிரதியாக எதற்கும் பயன்படுத்த வேண்டாம். திருமணப் படங்களின் இரண்டாவது பிரதியை வைக்கலாம், ஒரே பிரதியை வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்துவிட்டேன். இனி டிஸ்க்கைக் கொடுக்கலாம் அல்லவா?

எந்த ஃபார்மேட் என்பதைப் பொறுத்தது. குவிக் ஃபார்மேட் கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் அப்படியே கிடக்கும், இலவச மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, குவிக் என்ற குறியை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மேட் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. ஹார்டு டிஸ்க்குக்கு இது போதும். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடுங்கள்.

எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. தேய்மானம் ஒரே இடத்தில் சேராதிருக்க, அது எழுதும் தகவலை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகையால் மேலெழுதுவது எல்லா மூலைக்கும் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளரின் மென்பொருளிலோ சில கணினிகளின் பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) உள்ள செக்யூர் இரேஸ் வசதியே உரிய வழி. கணினியோடு சேர்த்துக் கொடுப்பதானால் விண்டோஸின் ரீசெட் வசதியில் "கிளீன் டேட்டா" என்ற தேர்வை இயக்கிவிட்டுச் செய்யுங்கள்.

ஆதார் நகல், வங்கி அறிக்கை, குழந்தைகளின் படங்கள் இல்லாத டிஸ்க் இன்று எந்த வீட்டிலும் இல்லை. நண்பர்மேல் நம்பிக்கை இருக்கிறது என்பது இந்த வேலையைத் தவிர்க்கக் காரணமாகாது. அவர் அதை நாளை வேறொருவருக்குக் கொடுப்பார்.

கூரியரில் எப்படிக் கட்டி அனுப்புவது?

ரேம், எஸ்எஸ்டி, கார்டுகளை முதலில் ஆன்டி-ஸ்டாட்டிக் உறையில் இட வேண்டும். மதர்போர்டு வாங்கும்போது வரும் வெள்ளி நிற உறை அதுதான். சாதாரண நெகிழிப் பை உராய்ந்து மின்னேற்றம் கொள்ளும் என்பதால் அது வேண்டாம். அதன்மேல் பபுள் ராப் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் அசையாதபடி செய்தித்தாளைத் திணியுங்கள். ஹார்டு டிஸ்க்குக்கு எல்லாப் பக்கமும் இரண்டு விரல்கடை அளவாவது மெத்தென்று இருக்க வேண்டும். பெட்டியை ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் நகரக் கூடாது. கட்டும் முன் பொருள் ஓடுவதை ஒரு சிறு காணொளியாக எடுத்து வையுங்கள். பின்னால் பேசப்போகும் ஒரு கேள்விக்கு அது உதவும்.

மடிக்கணினி பேட்டரியும் அனுப்பலாமா?

தனியாகக் கழற்றிய பேட்டரியை அனுப்ப வேண்டாம் என்பதே என் பதில். தனி லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் பலவும் கேட்டாலே மறுக்கும். உள்ளே இருப்பதை மறைத்து அனுப்புவது மற்றவர்களின் உயிரோடு விளையாடுவதாகும். உப்பிய பேட்டரியை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது, அழுத்தவோ துளையிடவோ கூடாது. டச்பேடு மேலெழும்பி, மூடி சரியாக மூடாமல் போவது உப்பலின் அறிகுறி.

தொலைவிலிருந்து என் திரையைப் பார்த்துச் சரிசெய்து தருகிறேன் என்கிறார் நண்பர். அனுமதிக்கலாமா?

கேட்பவர் உண்மையிலேயே உங்கள் நண்பர்தானா என்பதைக் குரல்வழி அழைத்து உறுதி செய்துகொண்ட பிறகு அனுமதிக்கலாம். நண்பரின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் அவர் பெயரிலேயே செய்தி அனுப்புவார்கள்; எழுத்தில் வந்த வேண்டுகோளை மட்டும் வைத்து எதையும் நிறுவ வேண்டாம். தொலைவிலிருந்து திரையை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலிகள் வழியாக நடக்கும் பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. செயலி தீயதல்ல, அதைத் திறந்து கொடுத்தவருக்கு எதிரில் யார் இருக்கிறார் என்பது தெரியாததே ஆபத்து.

விண்டோஸிலேயே இதற்காகக் குவிக் அசிஸ்ட் என்ற வசதி இருக்கிறது. உதவுபவர் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டைப் பெற்றுத் தருவார், அதை நீங்கள் உள்ளிட வேண்டும். தொடங்குமுன் வங்கிப் பக்கங்களையும் அஞ்சலையும் மூடுங்கள், முடியும்வரை திரைக்கு முன்னாலேயே இருங்கள், முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள். உதவுபவரும் கடவுச்சொல்லைக் கேட்காமல், "நீங்களே தட்டுங்கள்" என்று சொல்லப் பழக வேண்டும். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே. கையில் இருக்கும் கணினி இனி வீணா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கணினி ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நிற்கும். நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவை உண்டு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். அந்தத் தகுதி இல்லாத கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதையே நான் பரிந்துரைப்பேன். உலாவி, லிப்ரே ஆஃபீஸ், காணொளி ஆகியவற்றோடு நின்றுவிடும் பயனருக்கு ஒரு வாரத்தில் கை பழகிவிடும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவருக்கு இது பொருந்தாது, அவரை வற்புறுத்த வேண்டாம்.

நண்பர் கொடுத்த கணினியில் விண்டோஸ் மறுபடி போட்டால் உரிமம் போய்விடுமா?

கணினியோடு வந்த உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது. விண்டோஸ் 8 காலம் முதல் விசை மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை மறுபடி நிறுவினால் தானாகவே செயல்படும். மதர்போர்டை மாற்றினால் அந்த உரிமம் கூட வராது. தனியாக விலைகொடுத்து வாங்கிய சில்லறை உரிமத்தை மட்டுமே வேறு கணினிக்கு மாற்ற முடியும்.

அப்பாவின் பழைய கணினியிலிருந்து எடுத்த தமிழ்க் கோப்பு, புதியதில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன. பழைய கணினியின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் புதியதில் நிறுவினால் உடனே படிக்கலாம். நிலையான தீர்வு, எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்பு போட்ட எழுத்துகளையும் ஒருமுறை சரிபாருங்கள். அந்த எழுத்துருக்களைக் காப்பாற்றும் வரை பழைய கணினியை அழிக்கவோ கொடுக்கவோ வேண்டாம். மற்ற உதிரிபாகங்களைக் கடையில் வாங்கிவிடலாம், அப்பா எழுதி வைத்ததை வாங்க முடியாது.

வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் புதிதாகப் போட்டதும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு உள்நுழையச் சொல்கிறது. இதை எப்படித் தாண்டுவது?

தாண்ட முயல வேண்டாம். அந்தக் கணினி ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பட்டியலில் இன்னும் இருக்கிறது என்பதே இதன் பொருள். வேலையை விட்டபோது திருப்பித் தராமல் வைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம், முறையாக ஏலத்தில் விற்று, பட்டியலிலிருந்து நீக்க மறந்ததாகவும் இருக்கலாம். கொடுத்தவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். முறையாக வந்தது என்றால் அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவே நீக்கித் தரும். காட்ட ஒரு காகிதமும் இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பயாஸ் கடவுச்சொல் உள்ள கணினிக்கும், பழைய உரிமையாளரின் கணக்கில் பூட்டிய மேக்புக்குக்கும் இதே பதில்தான்.

அனுப்பிய பொருள் போய்ச் சேர்ந்து வேலை செய்யவில்லை. யார் பொறுப்பு? பணம் வாங்கியிருந்தால்?

இலவசமாகக் கொடுத்தவரிடம் பொறுப்பு எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூரியர் செலவைப் பெறுபவர் ஏற்பதே முறை. ஆனால் தெரிந்த குறையைச் சொல்லாமல் அனுப்பியிருந்தால் அந்தச் செலவைக் கொடுத்தவர் ஏற்க வேண்டும். கட்டும் முன் எடுத்த காணொளி இருந்தால், வழியில் கெட்டதா, முன்பே கெட்டிருந்ததா என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பணம் வாங்குவதில் தவறில்லை, அண்மையில் வாங்கிய விலையுயர்ந்த பொருளுக்கு அது இயல்பும்கூட; அப்படியானால் விலையையும், எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் அனுப்புமுன் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கடனா கொடையா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். "இருக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று விட்ட பொருள்தான் ஓராண்டு கழித்து இருவருக்கும் நடுவில் நிற்கிறது.

இன்னொருவர் அனுப்பிய பாகத்தைப் பொருத்தியதால் உங்கள் கணினி பழுதாகிவிட்டது என்று தோன்றினால், முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பழைய நிலையில் ஓட்டிப் பாருங்கள். ரேம், சார்ஜர் பற்றி மேலே சொன்ன பொருத்தங்களைப் பார்க்காமல் போட்டிருந்தால் தவறு பொருத்தியவருடையது.

நண்பர் கொடுத்த டிஸ்க்கில் அவர் வீட்டுப் படங்கள் அழியாமல் இருக்கின்றன. சொன்னால் கூச்சப்படுவாரோ?

சொல்லத்தான் வேண்டும். ஒருவேளை அவை அவரிடம் வேறெங்கும் இல்லாத படங்களாக இருக்கலாம். மேற்கொண்டு எதையும் திறக்காமல், டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல், "உங்கள் கோப்புகள் இருப்பதுபோல் தெரிகிறது, வேண்டுமா, அழித்துவிடவா?" என்று அவரிடம் மட்டும் தனியே கேளுங்கள். வேண்டும் என்றால் டிஸ்க்கை அப்படியே திருப்பி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் மேலே சொன்ன முறையில் முழுவதும் அழியுங்கள். என்ன இருந்தது என்பதை வேறு எவரிடமும் பேசக் கூடாது.

யாருக்கும் வேண்டாத பழைய பொருள்களை என்ன செய்வது?

முதலில் "வேண்டாம்" என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். விஜிஏ கேபிள், பிஎஸ்2 விசைப்பலகை, டிடிஆர்2 ரேம் போன்றவற்றைப் பழைய பில் போடும் கணினி வைத்திருக்கும் கடைக்காரர்கள் இன்றும் தேடுகிறார்கள். உண்மையிலேயே முடிந்துபோனவற்றைக் குப்பையில் போடவோ, தெருவில் வரும் பழைய இரும்பு வண்டிக்குக் கொடுக்கவோ வேண்டாம். பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, கம்பிகளை எரித்துச் செம்பு எடுக்கும்போது எழும் புகை அங்கே வேலை செய்பவரைத்தான் முதலில் தாக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அருகில் உள்ளவரிடம் நண்பர்கள் சிலர் சேர்த்து ஒரே தடவையில் கொடுத்தால் வண்டிச் செலவும் குறையும். ஓடாத டிஸ்க்கிலும் தகவல் அப்படியேதான் இருக்கும் என்பதால், கொடுக்குமுன் ஹார்டு டிஸ்க்கின் தட்டுகளில் துளையிட்டுவிடுங்கள். சில தட்டுகள் கண்ணாடியாலானவை, துளையிடும்போது கண்ணுக்குக் காப்பு அணியுங்கள்.